ஒரே கேள்விக்குள் இரண்டு

இன்று கண்ணில் பட்ட கருத்துக்கணிப்புப் படிவத்தின் மூன்றாவது கேள்வி: “சேவையின் தரமும் விலையும் திருப்தியா? ஆம் / இல்லை.”

தரம் பிடித்து விலை பிடிக்காதவர் எதை டிக் அடிப்பார்?

ஆயிரம் பேரைக் கேட்டாலும் இது சரியாகாது. சாம்பிள் பெருகினால் குறைவது தற்செயல் பிழை மட்டும்தான். கோணல் அளவுகோல் கோணலாகவே அளக்கும்.

இப்படிக் கேள்வி கேட்டு மனிதர்களை ஆராயும் சமூக அறிவியல் அறிவியலே இல்லை என்பவர்கள் 2015-ஐக் காட்டுவார்கள். உளவியலில் 100 ஆய்வுகளைத் திரும்பச் செய்தார்கள். 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க, அதாவது தற்செயல் என்று எளிதில் ஒதுக்க முடியாத, முடிவு கிடைத்தது.

உண்மை. ஆனால் அதைத் தோண்டி எடுத்தவர்களும் உளவியலாளர்கள்தானே! எனக்கு அதுவே அறிவியல்.

முடிவைப் பார்த்தபின் சத்தமில்லாமல் மாற்றிக்கொள்ளாதபடி, தரவு திரட்டுமுன்பே கருதுகோளையும் பகுப்பாய்வு முறையையும் பதிவுசெய்யும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது.

அந்தப் படிவத்தையும் முதலில் பத்துப் பேரிடம் கொடுத்து, யோசிப்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லியிருக்கலாம். மூன்றாவது கேள்வியில் பேனா நின்றிருக்கும்.