நிலாவரைக்குக் கீழே ஒரு பழைய பதிப்பு

ஆளுக்கொரு கதாபாத்திரத்தை ஏற்று, பேச்சாலும் பகடையாலும் கதையை நகர்த்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் ஐந்தாம் பதிப்பை எங்கள் நண்பர்களுள் சிலர் இணையவழியில் ஏற்கெனவே பழகியிருந்தபோதும், கோண்டாவிலில் எங்கள் வீட்டு விறாந்தையில் நான் நடத்திவருவது 1981இல் டொம் மோல்ட்வே தொகுத்த பேசிக் பதிப்பைத்தான். 64 பக்கங்களே உள்ள அந்த நூல் கதாபாத்திரங்கள் வளர்ந்து ஏறும் படிகளில் முதல் மூன்று நிலைகளுக்கு மட்டும் போதுமானது. அதற்கு மேல் பதினான்காம் நிலைவரை செல்ல அதே ஆண்டில் வெளிவந்த எக்ஸ்பேர்ட் தொகுதி வேண்டும். அதைத் திறக்கும் அவசரம் எங்களுக்கு இன்னும் வரவில்லை.

பழைய பதிப்பு இரக்கமற்றது என்று பொதுவாகச் சொல்வார்கள். உயிர்ப்புள்ளி பூச்சியமானால் மரணம், முதல் நிலை மந்திரவாதிக்கு நான்கு முகப் பகடை தரும் உயிரும் ஒரேயொரு மந்திரமும்தான் என்பதால் அது உண்மையே. ஆனால் என்னைப் பிடித்து வைத்திருப்பது அந்தக் கொடுமை அன்று, அதற்குப் பின்னாலுள்ள கணக்கு. கோபோல்ட் என்னும் சிற்றுருவ அரக்கன் ஒன்றைக் கொன்றால் முழுக் குழுவுக்கும் கிடைப்பது 5 அனுபவப் புள்ளிகள். நிலவறையிலிருந்து மீட்டுவரும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஒரு புள்ளி. போர்வீரன் இரண்டாம் நிலைக்கு ஏற 2000 புள்ளிகள் வேண்டும் என்னும்போது, வாளை உருவுவது நட்டத் தொழில் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

இந்தக் கணக்கோடு எதிர்வினைப் பகடையும் சேரும்போதுதான் விளையாட்டு சூடுபிடிக்கிறது. எதிர்ப்படும் உயிரினம் என்ன செய்யும் என்பது முன்கூட்டியே முடிவாகாத இடங்களில், விளையாட்டை நடத்தும் நடுவர் இரண்டு ஆறுமுகப் பகடைகளை உருட்டுகிறார்: 2 விழுந்தால் உடனடித் தாக்குதல், 12 விழுந்தால் உற்சாகமான நட்பு, இடையில் விழுபவை பேச்சுக்கு இடம் தருபவை.

யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றின் மேற்பரப்பில் நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது எல்லோரும் அறிந்தது. அந்தக் கிணற்றின் சுண்ணாம்புக்கல் சுவரில் ஒரு வாயில் திறப்பதாகக் கற்பனை செய்து, அதன் கீழே என் நிலவறையை வரைபுத்தாளில் வரைந்திருக்கிறேன். சென்ற முறை அங்கே எட்டுக் கோபோல்டுகள் வழிமறித்தபோது, அவற்றின் மொழி தெரிந்த குள்ளனாக விளையாடும் மச்சான் ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டு, “அண்ணையவை, இந்தப் பக்கத்தாலை போறதுக்கு என்ன தரவேணும்?” என்று கேட்டான். பகடையில் 9 விழுந்தது. அது தாக்காமல் பேரத்துக்குச் செவிசாய்க்கும் எண். எட்டையும் வெட்டிச் சாய்த்திருந்தால் குழுவிலுள்ள நால்வருக்கும் தலைக்குப் பத்துப் புள்ளிதான் தேறியிருக்கும். அந்த வழியின் முடிவிலோ 400 பொற்காசு இருந்தது.

வெளிச்சக் கணக்கு எழுதுவதைச் சலிப்பென்று பலர் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பத்து நிமிடம் ஒரு டேர்ன். தீப்பந்தம் ஆறு டேர்னில் அணையும், ஒரு குடுவை எண்ணெயில் லாந்தர் இருபத்துநான்கு டேர்ன் எரியும். இரண்டு டேர்னுக்கு ஒருமுறை நான் பகடை உருட்டுவேன், 1 விழுந்தால் அலைந்து திரியும் ஏதோவொன்று வந்து சேரும். சீ.ஆர். கொப்பியில் கட்டங்களைக் கீறி ஒவ்வொரு டேர்னுக்கும் ஒன்றை வெட்டிக்கொண்டு போனால் போதும். ஐந்தாவது கட்டம் வெட்டுப்பட்டதும், இரகசியக் கதவு தேடலாமா திரும்பலாமா என்ற வாக்குவாதம் தானாகவே தொடங்கிவிடும்.

பலமுகப் பகடைகளை இங்குள்ள கடைகளில் நான் கண்டதில்லை. ஆதலால் இருபது வரை எண்ணிட்ட அட்டைத் துண்டுகளைத் துணிப்பைக்குள் இட்டு எடுக்கிறோம். பகடைத் தட்டுப்பாடு வந்த 1979இல் இந்த விளையாட்டை வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனமே தன் பெட்டிக்குள் எண் அட்டைகளை வைத்து விற்றது, ஆகவே இது மரபு மீறலும் ஆகாது.

கோபோல்டுகள் வழிவிடக் கேட்ட கூலி பொன் அன்று, லாந்தர் எண்ணெய். குள்ளன் மூன்று குடுவையைத் தயங்காமல் நீட்டிவிட்டான். இப்போது எங்கள் குழு நிற்பது இரண்டாம் தளத்தில், கையிலிருப்பது ஒரே குடுவை, மேலே ஏற எத்தனை டேர்ன் ஆகும் என்று இன்னும் எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.