ஒப்பந்தத்துக்கு எட்டு வருடம் முன்னால் வந்த கூடை

ஜப்பானின் கித்தாக்யூஷுவும் இந்தோனேசியாவின் சுரபாயாவும் சுற்றுச்சூழல் சகோதர நகரங்களாகக் கையெழுத்துப் போட்டது 2012-இல். அடுக்களைக் குப்பையைக் கூடையில் போட்டு உரமாக்கும் வேலை தொடங்கியதோ 2004-இல். நகரங்கள் ஒன்றுக்கொன்று உதவுவது பற்றிப் பேசும்போது நான் இந்த ஜோடியைத்தான் முதலில் சொல்வேன். முதலில் வேலை நடந்தது, காகிதம் பின்னால் வந்தது.

சுரபாயாவின் கெபுதிஹ் குப்பைக் கிடங்கு மக்கள் எதிர்ப்பால் 2001-இல் மூடப்பட்டது. ஏறக்குறைய முப்பது லட்சம் பேர் வாழும் ஊரில் குப்பை தெருவிலேயே தேங்கியது. அதில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை. கித்தாக்யூஷுவுக்கும் பழைய கதை உண்டு. 1960-களில் அதன் தொகாய் விரிகுடா, உருக்காலைக் கழிவால் ‘சாவுக் கடல்’ என்று பெயர் வாங்கியது. அதைச் சரிசெய்த அனுபவத்தை மற்ற நாடுகளுக்குக் கற்றுத்தர 1980-இல் ‘கீட்டா’ என்ற அமைப்பு அங்கே உருவானது. அதன் வழியாகச் சுரபாயாவுக்கு வந்தவர் கோஜி தக்காகுரா. அங்கே அவரோடு சேர்ந்து வேலை செய்தது புஸ்தகோத்தா என்ற தொண்டு நிறுவனம். கித்தாக்யூஷு தன் குப்பையைப் பெரும்பாலும் உலையில் எரிக்கும் நகரம். ஆனால் உலை விற்கும் பேச்சோடு இந்த வேலை தொடங்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தக்காகுராவின் உரமாக்கும் முறையில் வெளிநாட்டிலிருந்து வாங்க வேண்டியது எதுவும் இல்லை. நுண்ணுயிர் அந்தந்த ஊர் அடுக்களையிலேயே இருக்கிறது. சுரபாயாவில் தெம்பே, தாப்பே போன்ற நொதித்த பண்டங்கள் அதற்கு உதவின. நம் வீட்டில் தயிரும் புளித்த இட்லி மாவும் போதும்.

இரண்டு கரைசல் வேண்டும். ஒன்று இனிப்பு: பத்து லிட்டர் தண்ணீரில் கால் கிலோ நாட்டுச் சர்க்கரை, அதில் தயிர், ஈஸ்ட், நொதித்த மாவு என்று கிடைத்ததைக் கலக்கலாம். இன்னொன்று உப்பு: பழத்தோல், காய்கறித் தோலைச் சிறிதளவு உப்புத் தண்ணீரில் ஊறவிட வேண்டும். வாயு உண்டாகும் என்பதால் கழுத்துவரை நிரப்பாமல், தினமும் மூடியைத் திறந்து மூட வேண்டும். மூன்று முதல் ஐந்து நாளில் கள் போல, புளிப்பும் இனிப்புமாக வாசம் வந்தால் சரி. அழுகல் நாற்றம் வந்தால் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்குங்கள்.

அடுத்து, கழிவை மக்கவைக்கும் படுக்கை. அரிசித் தவிடும் உமியும் சம அளவு கலந்து, இரண்டு கரைசலையும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசற வேண்டும். ஈரம் சரியா என்று கையால்தான் பார்க்க வேண்டும்: ஒரு பிடி எடுத்து இறுக்கினால் கொழுக்கட்டை போல நிற்கணும், விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது, கட்டைவிரலால் தட்டினால் உதிரணும். மழை படாத இடத்தில் குவித்துச் சாக்குப் போட்டு மூடினால் மறுநாளே சூடேறும். சில நாளில் மேலெல்லாம் வெள்ளைப் பூஞ்சை படரும். அதைக் கண்டு பயந்து தூக்கிப் போட வேண்டாம், அதற்காகத்தான் இவ்வளவும். தவிடு கூடினால் கட்டிகட்டியாகப் பிடித்துப் புளிக்கும். உமி கூடினால் சூடே ஏறாது.

அழுக்குத் துணி போடும் ஓட்டைக் கூடைதான் பாத்திரம். உள்பக்கம் அட்டை அல்லது பழைய கம்பளத்தைச் சுற்றி, அடியில் உமி அடைத்த சின்னத் தலையணையை வைத்து, பாதிக்குச் சற்று மேல்வரை படுக்கையை நிரப்புங்கள். கூடை தரையில் ஒட்டாமல் செங்கல் மேல் நிற்கட்டும், அடியிலும் காற்று போக வேண்டும். தினமும் ஒரு கிலோவுக்கு மிகாமல், தண்ணீர் வடித்து, பொடியாக நறுக்கிய கழிவை நடுவில் குழி பறித்துப் போட்டுக் கிளறி மூடுங்கள். மேலே இன்னொரு உமித் தலையணை, பிறகு துணி, கடைசியில் மூடி. துணியை விட்டுவிட்டால் ஈ முட்டையிடும், புழு வரும். பாதிப் பேர் கைவிடுவது அந்த இடத்தில்தான். மூக்கைத் துளைக்கும் அமோனியா நாற்றம் வந்தால் ஈரமும் சோறும் மீனும் அதிகம் என்று அர்த்தம். இரண்டு நாள் எதுவும் போடாமல் காய்ந்த தவிடும் உமியும் சேர்த்துக் கிளறினால் அடங்கும். கூடை நிரம்பினால் மூன்றில் இரண்டு பங்கை எடுத்து இரண்டு வாரம் நிழலில் ஆற விடுங்கள். மிச்சம்தான் அடுத்த சுற்றுக்கு விதை.

இத்தனையும் ஒரு வீட்டுக்குத்தான். சுரபாயா மாநகராட்சி ஆயிரக்கணக்கில் கூடைகளை இலவசமாகக் கொடுத்தது. இலவசக் கூடை மறுபடி துணிக்கூடையாக மாற எவ்வளவு நாள் ஆகும் என்று நமக்குத் தெரியாதா? அதனால் ஒவ்வொரு பகுதியிலும் பெண்கள் அமைப்பின் வழியே ஆட்களைப் பயிற்றுவித்து, வீடு வீடாகப் போய்க் கூடையைத் திறந்து பார்க்க வைத்தார்கள். சந்தைக் கழிவுக்கும் மரக்கிளைக்கும் தனியாக உரமாக்கும் மையங்கள் வந்தன. பழைய கெபுதிஹிலேயே ஒன்று இருக்கிறது.

என்னைக் கேட்டால், கூடையை விடப் பெரிய காரணம் ஒரு நிர்வாக அமைப்பு. சுரபாயாவில் துப்புரவும் பூங்காவும் ஒரே துறை. குப்பையைக் குறைக்க வேண்டியவர்களுக்கே செடிகளுக்கு உரமும் தேவைப்பட்டது. மையங்களின் உரம் நகரப் பூங்காக்களுக்குப் போனது. அந்தத் துறைக்குத் தலைமை வகித்த திரி ரிஸ்மஹாரினி 2010-இல் மேயரும் ஆனார். சில ஆண்டுகளிலேயே கிடங்குக்குப் போகும் குப்பை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. இந்த முறை பிலிப்பைன்ஸின் செபு உட்படப் பல ஊர்களுக்குப் போனது. உரத்தை யார் வாங்குவார் என்று முடிவாகாத ஊரில் மூட்டைகள் மழையில் நனைவதுதான் மிச்சம். துப்புரவு ஒரு துறை, தோட்டம் இன்னொரு துறை என்றிருக்கும் மாநகராட்சிகள் கூடையை எண்ணுவதற்கு முன் அந்த இரண்டு அதிகாரிகளையும் ஒரே மேசையில் உட்கார வைக்க வேண்டும்.

ஜப்பான் பக்கம் இதெல்லாம் வெறும் தர்மம் என்று நினைக்க வேண்டாம். ஒப்பந்தம் போட்ட மறு வருடம், 2013-இல், கித்தாக்யூஷுவின் நிஷிஹாரா நிறுவனம் சுரபாயாவின் சுத்தரெஜோவில் குப்பை பிரிக்கும் நிலையம் அமைத்தது. அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. முதல் எட்டு வருடம் கூடையோடு அலைந்து அந்த ஊர்க் குப்பையில் எது எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் நிறுவனம் வந்தது. தலைகீழாக, முதலில் இயந்திரத்தை இறக்கிவிட்டுப் பிறகு குப்பையைத் தேடும் திட்டங்கள்தான் அதிகம்.