10 கிலோ அரிசியும் ஒரு ஷெர்மன் டாங்கியும்

மாமா இருக்கும் நேரத்தில் டாங்கிப் படம் போடக்கூடாது என்பது எங்கள் குடும்பத்தில் எழுதப்படாத சட்டம். மனிதர் மலேசிய ராணுவத்தில் ஸ்கார்ப்பியன் டாங்கி ஓட்டி ஓய்வு பெற்றவர். தெரிந்தே என் மகன் பள்ளி விடுமுறையில், கோலாலம்பூர் செந்தூலில் மாமா வீட்டு டிவியிலேயே ‘ஃபியூரி’யைப் போட்டான். 2014-ல் வந்த பிராட் பிட் படம். 1945 ஏப்ரல் மாத ஜெர்மனி, ஒரு ஷெர்மன் டாங்கி, அதற்குள் ஐந்து பேர். மதியச் சாப்பாட்டு நேரம் வந்தும் படம் பாதியைக்கூடத் தாண்டவில்லை. ரிமோட் மாமா கையில்.

மகனும் லேசுப்பட்டவன் இல்லை. வீடியோ கேமில் டாங்கி ஓட்டியே வளர்ந்த பிள்ளை. சக்கரத்தைப் பார்த்து ஜாதகம் சொல்லிவிடுவான். டைகர் டாங்கி என்றால் சக்கரங்கள் ஒன்றோடொன்று அடுக்கினாற்போல் படிந்திருக்க வேண்டும், பட்டையை இழுக்கும் பல்சக்கரம் முன்னால் இருக்க வேண்டும். ஐந்து பெரிய சக்கரம் வரிசையாக நின்று, பல்சக்கரம் பின்னால் இருந்தால் அது வேஷம் போட்ட ரஷ்ய டி-34. 1970-ல் யூகோஸ்லாவியாவில் எடுத்த ‘கெல்லிஸ் ஹீரோஸ்’ படத்தில் அந்த வேஷம்தான். 1965-ன் ‘பேட்டில் ஆஃப் தி பல்ஜ்’ பெயரைச் சொன்னாலே அவனுக்குக் கண் சிவக்கும். ஆர்டென் காட்டுப் பனியில் நடந்த சண்டை அது. அதன் டாங்கிப் போரை ஸ்பெயின் நாட்டுக் காய்ந்த பொட்டலில் வைத்து, அமெரிக்க எம்-47 டாங்கிகளை ஜெர்மன் டாங்கி என்று காட்டியிருக்கிறார்கள்.

“ஆனா இந்தப் படத்துல வர்ற டைகர் அசல், தாத்தா! டைகர் 131. 1943 ஏப்ரல்ல துனீசியாவுல பிரிட்டிஷ்காரன் பிடிச்சது. இங்கிலாந்து போவிங்டன் மியூசியத்துலேருந்து கொண்டு வந்து ஓட்டியிருக்காங்க!”

மாமா படத்தை நிறுத்தினார். “இரும்பெல்லாம் சரியாத்தான்டா இருக்கு. உள்ள உக்காந்திருக்கிற ஆளு சரியா இருக்கானா?”

அவருடைய கணக்கு வேறு. டாங்கிக்கு வெளியே மூட்டை முடிச்சு, மரக்கட்டை, வாளி எல்லாம் வீடு காலி செய்கிற லாரி மாதிரி தொங்குவதைப் பார்த்துத் தலையாட்டினார், அது உண்மையாம். கமாண்டர் மூடியைத் திறந்து தலையை வெளியே நீட்டியபடி வருவதும் உண்மை, உள்ளேயிருந்து பார்த்தால் பாதி உலகம் தெரியாது. ஆனால் உள்ளே ஆளுக்கு ஆள் அழகாக வசனம் பேசுவதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. “எஞ்சின் ஓடும்போது பக்கத்துல இருக்கிறவன் கத்தினாலும் கேக்காது. தலையில மாட்டின மைக்லதான் பேசணும், அதுவும் ரெண்டு வார்த்தை. ஸ்கார்ப்பியன்ல டிரைவர் இடது பக்கம், எஞ்சின் வலது பக்கம், தோளோட தோளா. இந்த வலது காது அதுல போனதுதான்.”

“நான் பேசுறப்போ மட்டும் போற காது,” என்று அடுப்படியிலிருந்து அத்தையின் குரல் வந்தது. அப்புறம் அவரே கரண்டியோடு வந்து நின்று, அந்த நாளின் ஆகச்சிறந்த விமர்சனத்தை வைத்தார்: “காலையிலேருந்து பாக்கிறேன், அஞ்சு ஆம்பளைங்கள்ல ஒருத்தன்கூட ஒண்ணுக்குப் போகலையே?”

மாமாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சண்டை நேரத்தில் காலிக் குண்டு உறைதான் கழிவறை என்று விளக்க ஆரம்பித்தவரை, சாப்பிடும் நேரம் என்று சொல்லி அடக்கினோம்.

வினை சாயங்காலம் வந்தது. அரிசி, சாமான் வாங்கிக்கொண்டு ஜாலான் ஈப்போ வழியாகத் திரும்புகிறோம். என் பழைய குட்டிக் காரில் ஏர்கோன் செத்து வெகுநாளாகிறது. நான் ஸ்டீயரிங்கில், மாமா பக்கத்தில், பின்னால் அத்தையும் மகனும், மகன் காலடியில் 10 கிலோ அரிசி மூட்டை இரண்டு. ஜாம். முன்னால் லாரி, பின்னால் பஸ். வியர்வை முதுகிலிருந்து சீட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

“1942 ஜனவரி 7, விடியறதுக்கு முன்னால ஜப்பான்காரன் சுமார் 30 டாங்கியோட சிலிம் ரிவர்ல மெயின் ரோட்டுலயே உடைச்சிக்கிட்டு வந்தான். இந்தப் பக்கம் பிரிட்டிஷ்காரன்கிட்ட அங்க ஒரு டாங்கி கிடையாது. 11-ஆம் தேதி கோலாலம்பூர் அவன் கையில,” என்றார் மாமா. “நாலு நாள்ல அவன் வந்துட்டான். நாம இன்னும் அதே சிக்னல்ல நிக்கிறோம். இதை எவனாவது படமா எடுத்தானா?”

மகன் விடவில்லை. அந்த ஷெர்மனின் 76 மில்லிமீட்டர் குண்டு ஒன்று சுமார் 11 கிலோ, லோடர் அதைச் சில விநாடிக்கு ஒன்றாகத் தூக்கிப் பீரங்கிக்குள் போடுவான் என்று புள்ளிவிவரம் கொடுத்தான்.

“அப்படியா? உன் காலடியில குண்டு இருக்கு. இதோ பீரங்கி வாய்,” என்று எங்கள் இரண்டு சீட்டுக்கும் நடுவிலிருந்த சந்தைக் காட்டினார் மாமா. “செடியா!”

ராணுவத்தில் உத்தரவெல்லாம் மலாயில்தான், ‘தயார்’ என்று அர்த்தம். பையன் குனிந்து மூட்டையைத் தூக்கினான். நிமிரும்போது தலை கூரையில் மோதியது. முழங்கை அத்தையின் கண்ணாடியைத் தள்ளியது. எப்படியோ முதல் மூட்டை சந்துக்குள் வந்து விழுந்தது.

“தெம்பாக்!”

ஜன்னல் இறங்கியிருந்ததை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. ஒட்டி நின்றிருந்த மோட்டார்சைக்கிள்காரர் “சுடு!” என்று கத்திய வெள்ளைமீசைக் கிழவரை ஒரு பார்வை பார்த்தார். அடுத்த நொடி, அந்த ஜாமில் எப்படி வழி கிடைத்ததோ, ஆள் இல்லை.

இரண்டாவது மூட்டையில்தான் சனி. சீட் பெல்ட் கொக்கியில் மாட்டியது. பையன் வேகத்தில் இழுத்தான். பை நீளவாக்கில் கிழிந்தது. கியர் இடுக்கு, ஹேண்ட் பிரேக், என் செருப்பு, எங்கும் அரிசி. அதற்கென்றே காத்திருந்ததுபோல் முன்னாலிருந்த லாரி நகர்ந்தது, பின்னாலிருந்த பஸ் ஹார்ன் அடித்தது. பிரேக் மிதிக்கு அடியில் அரிசி நறநறக்க வண்டியை ஓரங்கட்டினேன்.

“லோடர் காலி,” என்றார் மாமா, முகத்தில் துளி வருத்தமில்லாமல்.

“நீங்களும்தான்,” என்றார் அத்தை. வீடு வரும்வரை அவர் பேசியது மாமாவின் இரண்டு காதுக்கும் கேட்டது.

இரவு மிச்சப் படத்தைப் போட்டோம். பையன் முதுகில் டைகர் பாம் தேய்த்துக்கொண்டு குப்புறப் படுத்திருந்தான். திரையில் லோடர் குண்டைப் போட்டுக்கொண்டே இருக்க, “இவனுக்கு முதுகே வலிக்காதா?” என்று முனகினான். அசல் டைகர் வந்தபோதுகூட 131 பேச்சை எடுக்கவில்லை. மறைவில் நின்று ஷெர்மன்களை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டிருந்த டைகர், திடீரென்று மறைவை விட்டு வெட்டவெளிக்கு இறங்கியது. மாமா துள்ளி எழுந்தார்.

“மறைஞ்சிருந்து அடிச்சிக்கிட்டிருந்தவன் எதுக்குடா வெளிய வர்றான்? எந்தக் கமாண்டராவது இப்படிச் செய்வானா?”

“படம் முடியணும்ல, தாத்தா,” என்றான் பையன், தலையணையில் முகத்தைப் புதைத்தபடி.