நூலக உதவியாளர் தெரிவு: இரண்டாம் முறை எனக்கு எப்படிக் கிடைத்தது

வெள்ளிக்கிழமை பின்னேரம் எங்கள் பல்கலைக்கழக நூலக அறிவித்தல் பலகையில், உதவியாளர் வேலைக்குத் தெரிவான மாணவர்களின் பட்டியல் ஒட்டினார்கள். ஆறு பேர். நான்காவது பெயர் என்னுடையது. போன வருடம் இதே பலகையை மூன்று தரம் மேலும் கீழும் வாசித்துவிட்டு, பெயர் இல்லாமல் அறைக்குத் திரும்பியவள் நான். அதனால் இந்த முறை ஒரு தரம் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அந்தச் சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். அடுத்த வருடம் விண்ணப்பிக்கப் போகிற தம்பி தங்கச்சிமாருக்கு உதவும்.

படிவம் எங்கே எடுப்பது, யாரிடம் கையொப்பம் வாங்குவது எல்லாம் உங்களுக்குத் தெரியும், விடுகிறேன். ஏன் இந்த வேலை என்றால், மகாபொல புலமைப்பரிசில் 2025இல் 5,000 ரூபாயிலிருந்து 7,500 ஆகக் கூடிய பிறகும் அறை வாடகையும் சாப்பாடும் போக மிச்சம் என்று ஒன்று இல்லை. கூடப் படிக்கிறவர்கள் பலர் பின்னேரங்களில் சாதாரண தர (ஓ/எல்) பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுக்கிறார்கள். எனக்குச் சத்தம் போட்டுப் படிப்பிக்க வராது. விரிவுரை முடிந்து நடந்துபோகிற தூரத்தில், அமைதியான இடத்தில் ஒரு வேலை. கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடவும் தேவையில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தெரிவில் படிவம், நேர்முகம் என்று இருந்தாலும், என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானித்தது அடுக்கும் சோதனைதான். ஒரு தள்ளுவண்டி நிறையப் புத்தகங்களைத் தந்து, முதுகில் ஒட்டியிருக்கும் பகுப்பு எண்படி, அதாவது எந்தப் பாடம் என்று காட்டும் எண்படி, வரிசையாக வைக்கச் சொல்வார்கள். பதினைந்து நிமிடம்.

போன வருடம் நான் இதற்குப் படிக்கவே இல்லை. எண்களை வரிசைப்படுத்துவது சின்னப் பிள்ளை வேலை என்று நினைத்தேன். வண்டியில் 894.8113 என்று ஒரு தமிழ்க் கதைப் புத்தகமும், 894.812 என்று ஒரு மலையாள இலக்கியப் புத்தகமும் இருந்தன. 812 சிறியது, 8113 பெரியது என்று மனம் சொன்னது. மலையாளத்தை முன்னால் வைத்தேன். வரலாற்றுத் தட்டிலும் அதே பிழை. 954.93 இலங்கை, 954.035 இந்தியாவில் ஆங்கிலேயர் காலம். பூச்சியத்தைக் கவனிக்காமல் 35ஐயும் 93ஐயும் ஒப்பிட்டேன், அது தற்செயலாகச் சரியாக வந்தது. எனவே என் முறை சரி என்றே நம்பிவிட்டேன்.

சோதித்த அலுவலர் கோபப்படவில்லை. அந்தக் கதைப் புத்தகத்தை எடுத்துக் காட்டி, "பிள்ளை, இதைத் தேடி வாற ஆளுக்கு இது இல்லை எண்டுதான் நாங்கள் சொல்லுவம். புத்தகம் இஞ்சைதான் இருக்கும்" என்றார். அந்த வசனத்தை வருடம் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அங்கே ஏற்கெனவே வேலை செய்த அக்கா ஒருவர்தான் பிழையை விளங்கப்படுத்தினார். "நீர் அதைக் காசு மாதிரி வாசிக்கிறீர். ரூபாய், சதம் எண்டு. அகராதியில சொல் தேடுற மாதிரி வாசியும்." அவ்வளவுதான். புள்ளிக்குப் பின்னால் ஒவ்வொரு இலக்கமாக ஒப்பிட வேண்டும். 8113, 812 இரண்டிலும் முதல் இலக்கம் 8, அடுத்தது 1, வித்தியாசம் இல்லை. மூன்றாவதில் ஒன்றில் 1, மற்றதில் 2. அங்கேயே முடிந்தது. மீதி எத்தனை இலக்கம் நீண்டாலும் பார்க்கத் தேவையில்லை. தடுமாறினால் குறைந்த பக்கத்தில் பூச்சியம் சேர்த்து 8113, 8120 என்று பாருங்கள்.

இதற்குப் பிறகு நான் செய்தவை:

- 1876இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பின் பத்துப் பெரும் பிரிவுகளையும் மனப்பாடம் செய்தேன். 200 சமயம், 400 மொழி, 800 இலக்கியம், 900 வரலாறும் புவியியலும். ஆழமாகப் போக வேண்டாம்.
- பழைய கொப்பி மட்டையில் எழுபது துண்டு வெட்டி எண் எழுதி, இரவில் படுக்கையில் பரப்பி அடுக்கினேன். தனியாக. கூட்டமாகப் படித்தால் கெட்டிக்காரர் ஒருவர் அடுக்க மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.
- தமிழ் நெடுங்கணக்கைக் கடைசி வரை சொல்லிப் பழகினேன். எண் ஒன்றாக இருந்தால் எழுத்தைப் பார்க்க வேண்டுமே. ற முன், ன பின். 'நற்பணி' வந்த பிறகுதான் 'நன்றி' வரும். ஜ, ஸ, ஹ எல்லாம் ன வுக்கும் பிறகு. பல்கலைக்கழகம் வரை வந்த எங்களுக்கே இது பிசகுகிறது.
- வேகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. முதலில் நூறு நூறாகப் பிரித்து வைத்து, அதன் பிறகு உள்ளே அடுக்கினால் நேரம் தானாக மிஞ்சும்.

படிவத்தில் ஒரு இடம் மட்டும் கவனம்: வேலை செய்யக்கூடிய நேரம். போன வருடம் "எந்த நேரமும்" என்று எழுதினேன், ஆர்வம் தெரியட்டும் என்று. இந்த முறை நேர அட்டவணையைப் பக்கத்தில் வைத்து, திங்கள் 2 முதல் 5, புதன் 10 முதல் 12 என்று எழுதினேன். நேர்முகத்தில் அதை வாசித்துத் தலையாட்டினார்கள். பரீட்சை மாதத்தில் வர முடியாத நாட்களையும் எழுதியிருந்தேன். அதற்காக யாரும் முகம் சுளிக்கவில்லை.

நேர்முகத்தில் எல்லோருக்கும் வருகிற கேள்வி, ஏன் நூலகம் என்பது. யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இதற்குப் பதில் சொல்லும்போது 1981 வாய்க்கு வந்துவிடும். எனக்கும் வந்தது. பொது நூலகத்தில் எரிந்த தொண்ணூற்றேழாயிரம் அளவான புத்தகங்கள் எங்கள் வீட்டிலும் பேசப்படுகிற துக்கம். அம்மப்பா அங்கே வாசித்தவர். ஆனால் அந்தத் துக்கத்தை வேலை கேட்கும் பதிலாக நீட்ட மனம் ஒப்பவில்லை. நான் போன வருடப் பிழையைச் சொன்னேன். புத்தகம் ஒரு தட்டு தள்ளிப் போனாலே வாசகருக்கு அது இல்லாமல் போகிறது, அது என் கையால் நடந்தது, இனி நடக்கக் கூடாது என்று. சீர்காழியில் பிறந்த நூலகவியலாளர் ரங்கநாதன் 1931இல் எழுதிய நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைக் காப்பது. அதையும் சொன்னேன். படித்ததைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. அந்த ஒரு வருடத்தில் அது எனக்கு உண்மையாகவே விளங்கியிருந்தது. போன வருடம் சோதித்த அதே அலுவலர் மேசையின் மறுபக்கம் இருந்தார். "ஓம், ஞாபகம் இருக்கு" என்றார்.

மற்றவை சின்ன விஷயங்கள். தூசு ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பே சொல்லிவிடுங்கள். பாரம் தூக்க வேண்டும், கீழ்த்தட்டுக்குக் குனிய வேண்டும். முதுகு நோ உள்ளவர்கள் யோசியுங்கள். சோதனைக்கு முதல்நாள் காலையில், ஆட்கள் வர முன், 800 வரிசையின் முன்னால் அரை மணித்தியாலம் நின்று எண்களை மட்டும் வாசித்துக்கொண்டு நடந்து பாருங்கள். எனக்கு இருந்த பயம் அங்கேதான் போனது.

பழகுவதற்கு ஒரு கட்டு தருகிறேன். துண்டில் எழுதிக் கலைத்து அடுக்குங்கள்: 894.812, 294.5, 954.93, 894.8113, 294.5513, 494.811, 954.035, 894.811, 294.3.

வர வேண்டிய வரிசை: 294.3, 294.5, 294.5513, 494.811, 894.811, 894.8113, 894.812, 954.035, 954.93.