கிண்டர்டைக் காற்றாலை 1:100: இறக்கை முறுக்கு ஒருவழியாகப் பிடிபட்டது

சுற்றுகிறது! நான் செய்யும் மாடல் காற்றாலைக்கு மேசை விசிறியை ஒன்றாம் நம்பரில் வைத்தாலே போதும், நான்கு இறக்கையும் நிதானமாகச் சுற்றுகின்றன. அதுவும் முன்னால் நின்று பார்த்தால் இடஞ்சுழியாக, நெதர்லாந்து ஆலை சுற்ற வேண்டிய திசையிலேயே. மோட்டார் கிடையாது. இந்தப் பெருமையை எங்காவது கொட்டித் தீர்க்கணும், அதற்குத்தான் இந்தப் பதிவு.

நெதர்லாந்தின் கிண்டர்டைக் என்ற ஊரில் இருக்கும் 19 ஆலைகளில் நான் எடுத்தது ஓவர்வார்ட் வரிசை, 1740-இல் எழுந்த எண்கோண மரக்கூட்டு ஆலைகள், நாணல் வேய்ந்தவை. பக்கத்து நெடர்வார்ட் வரிசை 1738-இன் வட்டச் செங்கல் கோபுரங்கள். அவை செய்யச் சுலபம், அதனாலேயே எல்லோரும் அவற்றைச் செய்கிறார்கள். உடல் கூட்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, எட்டுப் பக்கம், சரிவுக் கோணம், ஒட்டினால் முடிந்தது. விஷயமே இறக்கையில்தான்.

கடையில் கிடைக்கும் கிட்களில் இறக்கை லேசரில் வெட்டிய தட்டைக் கிராதி. பார்த்தாலே எரிச்சல். நிஜ இறக்கை தட்டையே இல்லை. நுனி வேகமாகவும் அடி மெதுவாகவும் ஓடுவதால் காற்று இரண்டையும் வெவ்வேறு கோணத்தில் சந்திக்கிறது. அதனால் அடியில் நன்றாகச் சாய்ந்திருக்கும் கிராதி, நுனிக்குப் போகப் போகப் படுத்துவிடும். ஆங்கிலேயப் பொறியாளர் ஜான் ஸ்மீட்டன் 1759-இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கொடுத்த அளவு கைவசம் இருக்கிறது: இறக்கையை ஆறாகப் பிரித்து, மையத்திலிருந்து நுனி வரை 18, 19, 18, 16, 12.5, 7 டிகிரி. மாடல் இறக்கைகளைச் சுழற்றிப் பார்த்துக் கண்டுபிடித்த எண்கள், அதாவது அந்த மனிதரும் நம்ம ஜாதி. ஓவர்வார்ட் ஆலை இந்த அளவுக்கு 19 வருஷம் மூத்தது, அதன் கோணம் அப்படியே இதுவாக இருக்காது. ஆனால் சுற்றணும் என்றால் எனக்கு இந்த எண்கள் போதும்.

வழக்கமாகச் சொல்லும் வழி, கிராதியைத் தட்டையாக ஒட்டி, ஆவி காட்டி முறுக்குவது. வெயில் காலத்தில் நிற்கும். ரெண்டு நாள் மழை பெய்தால் நான்கு இறக்கையும் நான்கு விதமாகத் திரும்பிக்கொள்ளும். நிஜத்தில் மரத்தை யாரும் முறுக்குவதில்லை. நடுத்தண்டில் துளையைக் கோணம் மாற்றி மாற்றிப் போட்டு, அதில் குறுக்குச் சட்டங்களைச் செருகுகிறார்கள், முறுக்கு தானாக வந்துவிடுகிறது. நானும் அதையே செய்தேன்.

பாஸ்வுட் மரத் தண்டு, எதிரெதிர் இரண்டு இறக்கைக்கும் ஒன்றே. மையத்தில் 4 மி.மீ., நுனியில் 2. ஒரு முனையில் அச்சடித்த கோணமானியை ஒட்டி, நீளவாக்கில் உருளும்படி தாங்கியில் வைத்தேன். மேலே டிரில் ஸ்டாண்டு செங்குத்தாக, அசையாமல் நிற்கிறது. ஒவ்வொரு துளைக்கும் தண்டைத்தான் திருப்பணும். மையத்தைத் தாண்டியதும் கோணமானியை எதிர்ப்பக்கம் திருப்பியே ஆகணும், இது முக்கியம். அதே பக்கம் தொடர்ந்தால் ஒரு இறக்கை ஒரு பக்கம் தள்ளும், எதிர் இறக்கை மறுபக்கம் தள்ளும், ஆலை நின்ற இடத்தில் நிற்கும். நுனியில் 0.6 மி.மீ. துளை போட்டால் மரம் பிளக்கும். துளைக் கோட்டின் மேல் தண்ணியான சூப்பர் க்ளூவை ஊறவிட்டு, காய்ந்த பிறகு போட்டால் பிளக்காது.

சட்டம் எல்லாம் மூங்கில். கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே, தோல் பக்கத்துச் சிம்பு மட்டும். அதை நகைப் பட்டறைக்காரர்கள் கம்பி இழுக்கும் தகட்டில் ஓட்டை ஓட்டையாக இழுத்து 0.5-க்குக் கொண்டுவந்தேன். ஒரு இறக்கைக்கு இருபதுக்கு மேல் வேணும், விரல் எரிகிறது. தகடு வாங்குபவர்கள் ஆன்லைனில் போகாதீர்கள், எனக்கு வந்ததில் பாதி ஓட்டை வட்டமாகவே இல்லை. ஊரில் நகை வேலைச் சாமான் விற்கும் கடையில் கேளுங்கள், கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம். டிரில் பிட்டும் அங்கேயே கிடைத்தது.

இன்னொரு பெருமை. இரண்டு தண்டும் ஒரே தளத்தில் குறுக்கே போகவில்லை. நிஜத்தில் இறக்கைகளைத் தாங்கும் அச்சின் தலையில் ஒன்று முன்னால், ஒன்று பின்னால் நுழைகிறது. இணையத்தில் பார்க்கும் மாடல்களில் பாதிப்பேர் இரண்டையும் நடுவில் வெட்டிப் பிணைத்துவிடுகிறார்கள். அச்சும் படுகிடையாக இல்லை, முன்பக்கம் சற்றே தூக்கியிருக்கும், அப்போதுதான் சரிவான உடலில் இறக்கை உரசாது.

உரசல் என்றதும் அடுத்த தலைவலி. இவை தரையைத் தொட்டுவிடுவது போலச் சுற்றும் ரகம், நுனிக்கும் புல்லுக்கும் ஒரு அடிதான் இடைவெளி. 1:100-இல் அது 3 மி.மீ. என்னிடம் இருக்கும் செயற்கைப் புல் 4 மி.மீ., ஒரே சுற்றில் மாட்டிக்கொள்ளும். 2 மி.மீ. புல் ஆர்டர் போட்டிருக்கிறேன், வந்தபாடில்லை.

நாணல் கூரைக்குச் சணல் வேண்டவே வேண்டாம். ஓவர்வார்ட் ஆலையில் நாணலைத் தட்டிச் சீவி வழவழப்பாக வைத்திருக்கிறார்கள், சணல் ஒட்டினால் வைக்கோல்போர் மாதிரி ஆகிவிடுகிறது. மெல்லிய புட்டி பூசி, ஈரம் காய்வதற்குள் பித்தளைப் பிரஷ்ஷை மேலிருந்து கீழே இழுத்துப் பார்த்தேன். துண்டுப் பலகையில் நன்றாகத்தான் வந்தது. ஆலையின் மேல் இன்னும் கை வைக்கவில்லை.

அச்சுக்குப் பின்னால் ஒரு சின்னக் காந்தம் வைக்கும் யோசனையும் இருக்கிறது, வேண்டிய நிலையில் இறக்கையை நிறுத்துவதற்கு. இறக்கை நிற்கும் கோணமே அங்கே சேதி சொல்லும்: மேல் இறக்கை உச்சியைத் தொடுவதற்குச் சற்று முன் நின்றால் கொண்டாட்டம், உச்சியைத் தாண்டி நின்றால் துக்கம். நெதர்லாந்துக்காரர்கள் பலர் இறந்த எம்.எச்.17 விமானம் விழுந்த பிறகு 2014 ஜூலையில், துக்க நாளன்று நாடெங்கும் ஆலைகளைத் துக்க நிலையில்தான் நிறுத்தினார்கள். என் ஆலை கொண்டாட்ட நிலையில் நிற்கும், உழைப்பு அப்படி.

இது முடியும் முன்பே இங்கிலாந்தின் செஸ்டர்டன் ஆலை கண்ணைப் பறிக்கிறது. 1632-இல் கட்டியது, ஆறு கல் வளைவுகளின் மேல் நிற்கிறது, ஆலை என்றே சொல்ல முடியாது. வளைவுக்கு அச்சு எடுக்கச் சிலிக்கானும் வாங்கியாச்சு. முதலில் இதன் வால் கட்டையும், தொப்பியை, அதாவது ஆலையின் திரும்பும் தலைப்பகுதியை, காற்றுக்குத் திருப்பும் சக்கரமும் முடிக்கணும். அந்தச் சக்கரத்துக்கு வேண்டிய அளவுக்குச் சின்னச் சங்கிலி எங்கும் கிடைக்காததால், இப்போதைக்குத் தொப்பி மாஸ்கிங் டேப்பில் நிற்கிறது.