எடைக்கட்டத்தில் ஒளித்த நான்கு பெயர்கள்

2003-ல் சேலம் ஐந்து ரோடு பக்கம், ஒரு மாடி அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர் வேலை பார்த்தோம். வெள்ளிக் கொலுசுப் பட்டறைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுவதுதான் வேலை. எத்தனை கிராம் வெள்ளி போனது, டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, சேதாரம், கூலி என எதிலும் ஒரு புள்ளி பிசகக் கூடாது. ராத்திரி பகலாக எழுதினோம். முகப்பில் கம்பெனி பெயர் மட்டும் வந்தது.

ஒரு மதியம் நண்பர் மைக்ரோசாஃப்டின் எக்ஸெல் 97-ஐத் திறந்து, எஃப்5 அழுத்தி, எக்ஸ்97:எல்97 என்று அடித்தார். என்டர், டேப், அப்புறம் கன்ட்ரோலையும் ஷிஃப்டையும் பிடித்துக்கொண்டு சார்ட் விசார்ட் பட்டனில் ஒரு கிளிக். கணக்குத்தாள் மறைந்து மேடும் பள்ளமுமாக ஒரு நிலம் விரிந்தது. மவுஸை அசைத்தால் அதன்மேல் பறக்கலாம். பறந்து தேடினால் ஒரு கல்லில் எக்ஸெலை எழுதியவர்களின் பெயர்கள் ஓடுகின்றன! எனக்கு உடம்பு சிலிர்த்தது.

இப்படி ஒளித்து வைப்பதற்கு ஈஸ்டர் முட்டை என்று பெயர். ஈஸ்டரன்று பிள்ளைகள் தேடியெடுக்க முட்டைகளை ஒளித்துவைக்கும் வழக்கத்திலிருந்து வந்தது. அடாரி நிறுவனம் வீடியோ விளையாட்டுகளை எழுதியவர்களின் பெயரைப் போடாத காலத்தில், வாரன் ராபினெட் என்பவர் ‘அட்வென்ச்சர்’ விளையாட்டுக்குள் ஒரு ரகசிய அறை வைத்தார். கண்ணில் படாத சாம்பல் நிறப் புள்ளி ஒன்றைக் கண்டெடுத்துக் கொண்டுபோனால்தான் அதற்குள் நுழைய முடியும். உள்ளே இருந்தது அவர் பெயர். அந்த மனிதரின் ஆதங்கம் எனக்கு அப்படியே புரிந்தது.

நானும் வைத்தேன். வாடிக்கையாளர் பெயரைக் காலியாக விட்டு, எடைக்கட்டத்தில் 20.20 என்று போட்டால், ஏற்காடு மலைப்பாதை போல 20 கொண்டை ஊசி வளைவுகள் திரையில் வரும். எங்கள் நான்கு பேரின் பெயர்களும் ஒவ்வொரு வளைவாகத் திரும்பி மேலே ஏறும். மற்ற மூன்று பேருக்கும் காட்டினேன். பார்த்துப் பார்த்து மகிழ்ந்தோம்.

அந்தத் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு செவ்வாய்பேட்டைப் பட்டறை ஒன்றிலிருந்து போன். கடையில் கூட்டம் நெரிய, பெயர் கேட்க நேரமில்லாமல் பையன் பில் போட்டிருக்கிறான். தராசில் ஒரு குழந்தைக் கொலுசு ஜோடி. எடை சரியாக 20.20 கிராம். பழைய கம்ப்யூட்டர் என்பதால் பெயர்கள் மெதுவாக ஏற, கீபோர்டு எதற்கும் அசையவில்லை. பயந்துபோய் ஸ்விட்சை அணைத்துவிட்டார்கள். சேமிக்காத பில்கள் போய்விட்டன.

நான் ஓடினேன். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். பட்டறை அண்ணன் சத்தம் போடவில்லை.

“தம்பி, உங்க பேரு வந்தது எனக்குத் தப்பில்லைங்க. ஆனா எனக்குத் தெரியாம இந்தக் கணக்குக்குள்ள இன்னும் என்னென்ன இருக்குது?”

பதில் சொல்ல நாக்கு எழவில்லை. வேறு எதுவும் இல்லைதான். ஆனால் அதை அவர் எப்படி நம்புவது? 2002-லேயே பில் கேட்ஸ் தன் ஊழியர்களுக்கு, புதுப்புது வசதிகளைவிட நம்பகமும் பாதுகாப்புமே முதலில் என்று எழுதியிருந்தார். மைக்ரோசாஃப்ட் இந்த ஒளிப்பு வேலையைக் கைவிட்டதும் அந்தக் காரணத்தால்தான். படித்திருந்தேன், ஆனால் ஏதோ பெரிய கம்பெனி விவகாரம் என்று விட்டிருந்தேன். இப்போது ஏற்காடு பஸ்ஸில் சிக்னல் போனதும் குரோமில் டைனோசர் குதிப்பதைப் பார்த்தால் மனசார ரசிக்கிறேன். அது யாருடைய கணக்கையும் தொடுவதில்லை.

அண்ணன் ஒரு கொலுசை எடுத்து, கொக்கியைத் திருப்பிக் காட்டினார். கடுகளவு இடத்தில் பட்டறையின் சீல்.

“நாங்களும்தான் பேரு போடறோம். வாங்கறவங்க பாக்கற மாதிரி போடறோம்.”

உள்ளே ஓர் அக்கா குனிந்தபடி கண்ணி கண்ணியாகப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். அந்த சீலில் அவர் பெயர் இல்லை. அது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஞாயிற்றுக்கிழமை மலைப்பாதையை முழுதாக எடுத்துவிட்டு, முதலாளியிடம் பேசி, உதவி மெனுவில் ‘உருவாக்கியவர்கள்’ என்று ஒரு பக்கம் சேர்த்தேன். அண்ணன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நான்கு பெயர்களையும் வாய்விட்டுப் படித்தார்.

“இதுல உங்க பேரு எதுங்க தம்பி?”

மூன்றாவது வரியைத் தொட்டுக் காட்டினேன்.