100-இல் தொடங்கி 74-இல் முடிந்த கதை

நாலு ராத்திரி, இரண்டு அறை, ஆறு பேர். ரிசார்ட் எது என்று வீட்டில் முடிவாகிவிட்டது. புக் பண்ணும் வேலை மட்டும் என் தலையில் விழுந்தது. பத்து நிமிஷ வேலைதானே என்று உட்கார்ந்தவனுக்கு, முடிக்க மூன்று வாரம் ஆனது.

முதலில் கண்ணில் பட்ட மொத்த விலையை நோட்டில் 100 என்று குறித்துக்கொண்டேன். மற்றதை எல்லாம் அதை வைத்து அளக்கலாம் என்று கணக்கு. இன்னொரு புக்கிங் இணையதளத்தில் அதே அறைகள் 91. அட, பரவாயில்லையே என்று பணம் கட்டும் பக்கம் வரை போனேன். அங்கே வரி, சேவைக் கட்டணம் எல்லாம் ஏறி 108 ஆகி நின்றது. முதல் தளத்தின் 100-இல் வரியும் அடக்கம் என்பது அப்போதுதான் உறைத்தது. அன்றிலிருந்து கடைசிப் பக்கத்து மொத்தம் மட்டும்தான் நோட்டில் ஏறும்.

இதற்கு மேல் 'ரிசார்ட் ஃபீ' என்று ஒன்று உண்டு. நீச்சல் குளம், வைஃபை என்று ஏதாவது பேர் சொல்லி, வாடகைக்கு வெளியே தனியாக வசூலிப்பார்கள். அமெரிக்காவில் 2025 மே முதல் இந்த மாதிரிக் கட்டாயக் கட்டணத்தையும் சேர்த்தே விலையைக் காட்ட வேண்டும் என்று விதி வந்திருக்கிறது. எல்லா ஊரிலும் அப்படி இல்லை, பொடி எழுத்தைப் படித்துத்தான் ஆக வேண்டும்.

ஏழெட்டு தளங்களைத் திறந்து வைத்து ஒப்பிட்டதில் பாதி வீண். புக்கிங்.காமும் அகோடாவும் ஒரே தாய்க் கம்பெனி. எக்ஸ்பீடியாவும் ஹோட்டல்ஸ்.காமும் இன்னொன்று. நான் பார்த்தவரை, ஒரே வீட்டுப் பிள்ளைகளிடம் பெரிய வித்தியாசம் கிடைக்கவில்லை. வீட்டுக்கு ஒன்று பார்த்தால் போதும்.

கேன்சல் செய்தால் பணம் திரும்பாத ரேட் 84-க்குக் கிடைத்தது. தொடவில்லை. முந்தைய வருஷம் அப்படி ஒன்றை எடுத்து, கிளம்புவதற்கு முந்தின நாள் பையனுக்குக் காய்ச்சல். ரிசார்ட்டைக் கேட்டால் "நீங்க புக் பண்ணின இடத்துலதான் கேக்கணும்" என்றார்கள். அந்தத் தளத்தில் கேட்டால் "ரிசார்ட் சம்மதிக்கணும்" என்றார்கள். நாலு நாள் பந்தாடினார்கள். ஒரு காசு திரும்பவில்லை.

அதனால் இந்த முறை, இலவசமாகக் கேன்சல் செய்யக்கூடிய 100-ஐயே முதலில் பிடித்து வைத்தேன். பிடித்த பிறகு தினமும் ஒரு எட்டு பார்த்து வந்தேன். பத்தாம் நாள் 93-க்கு இறங்கியது. புதியதை எடுத்து, உறுதி மெயில் வந்த பிறகே பழையதைக் கேன்சல் செய்தேன். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் கையை விட்டுப் போகலாம். கேன்சல் கெடு பெரும்பாலும் ரிசார்ட் இருக்கும் ஊர் நேரப்படி என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய மிச்சம் வந்தது எந்தக் கூப்பனாலும் இல்லை. வியாழன் முதல் ஞாயிறு ராத்திரி வரை என்றிருந்ததை, ஞாயிறு முதல் புதன் ராத்திரி வரை என்று தள்ளிப் பார்த்தேன். அதே அறைகள், அதே தளம், 78. சனிக்கிழமையை விட்டதற்குத்தான் அவ்வளவு குறைவு. லீவு வாங்க வீட்டில் கொஞ்சம் சண்டை நடந்தது, அது வேறு கதை.

நடுவில் டைம்ஷேர், அதாவது ஒரு ரிசார்ட்டில் வருஷத்துக்கு ஒரு வாரம் மாதிரி தங்கும் உரிமையை, வாங்கி வைத்திருப்பவர்களிடம் அவர்களுடைய வாரத்தை வாடகைக்கு எடுக்கலாம் என்று ஒரு நண்பர் சொன்னார். விலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முழுப் பணமும் முன்னாடியே, அதுவும் முகம் தெரியாத ஒருவருக்கு. எனக்குத் துணிவில்லை.

கடைசியாக, 78-ஐக் கையில் வைத்துக்கொண்டு ரிசார்ட்டுக்கே போன் போட்டேன். ரிசப்ஷனில் பேசிப் பயனில்லை, ரிசர்வேஷன் பிரிவைக் கேட்க வேண்டும். தளங்களுக்கு 15 சதவீதமோ அதற்கு மேலோ கமிஷன் போவது சகஜம், நேராக வருகிறவருக்கு ஏதாவது செய்ய அவர்களுக்கு இடம் உண்டு.

"சார், தளத்துல இருக்கறதை விடக் கம்மியா வெளியில விலை போட முடியாது," என்றார் எடுத்தவர்.

"சரி, வேற ஏதாவது பண்ண முடியுமா?"

கொஞ்ச நேரம் கீபோர்டு சத்தம். "எங்க மெம்பர்ஷிப்ல சேந்துக்கங்க, அது ஃப்ரீதான். அஞ்சு பர்சன்ட் குறையும். ஆறு பேருக்கும் காலை டிபன் சேத்துடறேன்."

74. டிபன் விஷயத்தை மெயிலில் எழுதி அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன், அப்புறம்தான் தளத்தில் இருந்ததைக் கேன்சல் செய்தேன்.

போய் இறங்கிய அன்று செக்-இன் கவுன்ட்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "டிபன் இல்லாத ரேட் சார் இது," என்றார். போனில் மெயிலைத் திறந்து நீட்டினேன். படித்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது கையில் ஆறு கூப்பன் இருந்தது.